டி.சி. இருக்கிற வண்டி

"மழைக்காலத்துல மேக்கரட்டுக்கு ஏறணும்னா டி.சி. இருக்கிற வண்டியா பாத்து வாங்கணும். இல்லேன்னா சேத்துல நின்ன இடத்துலயே சுத்திக்கிட்டுக் கிடக்கும்."

பஸ்ஸில் முன் சீட்டில் இருந்த யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது இது. சொல்லிவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். பின்னால் என்னவெல்லாம் நடக்கப் போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கு வாயையே திறந்திருக்க மாட்டார்.

அவருக்குப் பின் சீட்டில் எங்கள் பள்ளிக்கூடத்தைச் சேர்ந்த மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தமிழ் ஐயா செந்தூரப்பாண்டி. இன்னொருவர் பி.டி. மாஸ்டர் சூசைமாணிக்கம், கழுத்தில் விசில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. மூன்றாவது, ஆபீஸ் கிளார்க் மங்கையர்க்கரசி. எங்கள் பள்ளியை விட்டுப் போன அத்தனை பிள்ளைகளுக்கும் டி.சி. எழுதிக் கொடுத்தது அவர் கைதான்.

"மேடம், வண்டிக்குக்கூட டி.சி. உண்டா?" என்று பி.டி. மாஸ்டர் மெதுவாகக் கேட்டார்.

"பின்னே? பழைய வண்டி ஒரு ஓனர்கிட்டேருந்து இன்னொரு ஓனர்கிட்டப் போகுது. டி.சி. இல்லாம எப்படிச் சேத்துக்கறது?"

"அது சரி. இல்லேன்னா ஏன் சுத்தும்னு சொன்னார்?"

தமிழ் ஐயா கண்ணை மூடித் திறந்தார். "டி.சி. வாங்காத பையனைப் பாத்ததில்லையா நீர்? எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சேர முடியாம தெருத்தெருவா சுத்திக்கிட்டுத்தானே இருப்பான்."

மூன்று பேரும் தலையாட்டினார்கள். அவர்களுக்கு அடுத்த சீட்டில் நான் இருந்தேன். அந்தப் பள்ளியில் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்குப் பஸ்ஸில் பேச வராது.

வண்டி வாங்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு நிஜமாகவே இருந்தது. மூவரும் குடியிருப்பது மலையடிவாரத்தில், சின்னக்கரட்டில். பள்ளி இருப்பது மேலே, மேக்கரட்டில். மலை ஏறும் பஸ்ஸின் நேரத்தை மாற்றியதிலிருந்து, அது காலை மணி அடித்த பிறகுதான் வந்து சேர்ந்தது. தலைமையாசிரியர் சிவக்கொழுந்து சார் சில வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு பிரார்த்தனைக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்: "இனிமே மணி அடிச்ச பிறகு வர்றது யாரா இருந்தாலும் சரி, அன்னைக்கே முள்ளோடைக்கு மாற்றல்."

முள்ளோடை எங்கள் நிர்வாகத்தின் இன்னொரு பள்ளி. கடலோரம், வேறு மாவட்டம். அங்கே போனவர்கள் உப்புக் கருவாட்டைப் பற்றி மட்டும் கடிதம் எழுதுவார்கள்.

தமிழ் ஐயாவுக்கும் மங்கையர்க்கரசிக்கும் இது கவலை. பி.டி. மாஸ்டருக்கோ வாழ்க்கையே இதில்தான் தொங்கியது. எத்தனையோ வரன் தட்டிப்போய், கடைசியில் சின்னக்கரட்டுக் காய்கறி வியாபாரியின் மகள் ஜெசிந்தாவைப் பேசி முடித்திருந்தார்கள். அப்பாவின் லோடு ஆட்டோவை அவளேதான் ஓட்டுகிறாள். "பொண்ணு சொன்னதைச் சொன்னபடி செய்வா, ஒரு எழுத்து மாறாது" என்று தரகர் சத்தியம் செய்திருந்தார். மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்து ஊரறிய அறிவிப்பது வருகிற ஞாயிறு. பெண்ணின் அப்பா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று.

"மாப்பிள்ளை இந்த ஊரை விட்டு நகரக் கூடாது. முள்ளோடைன்னு ஒரு பேச்சு காதுல விழுந்தா ஓலை வாசிக்க விடமாட்டேன். ஒத்தைப் பிள்ளையை உப்புக் காத்துல விட முடியாது."

அன்று மாலையே மூவரும் பழைய கார் விற்கும் கபீர் பாயிடம் போனார்கள். அங்கே நடந்ததை மங்கையர்க்கரசி எனக்கு வரி விடாமல் சொல்லியிருக்கிறார்.

பாய் ஒரு சாம்பல் நிறக் காரைக் காட்டினார். "ஐம்பதாயிரம் கிலோமீட்டர்தான் சார் ஓடியிருக்கு."

"ஐம்பதாயிரமா?" பி.டி. மாஸ்டர் பதறிப்போனார். "களைச்சிருக்குமே! ரெண்டு நாள் ரெஸ்ட் குடுத்துட்டுக் காட்டுங்க."

"நல்ல வண்டி சார். வேணும்னா டெஸ்ட் எடுத்துப் பாருங்க."

"எத்தனை மார்க்குக்கு?" என்றார் தமிழ் ஐயா.

பாய் பழைய வியாபாரி. எல்லா மாதிரி ஆட்களையும் பார்த்தவர். பொறுமையாக, "டயரைப் பாருங்க சார், மலை ஏறுற வண்டிக்கு டயர்தான் முக்கியம்" என்றார். மூவரும் முதல் டயருக்கு எதிரே வரிசையாக நின்று பார்த்தார்கள். பிறகு இரண்டாவது. நான்கையும் முடித்துவிட்டுத் திரும்பி வந்து, "பாத்துட்டோம்" என்றார்கள்.

"டயர்ல பள்ளம் இருக்கா?"

"பள்ளம் இருக்கு பாய். ஆனா பாவம், நல்ல வண்டியா இருக்கு, அதுக்காக வேண்டாம்னு சொல்ல மாட்டோம்" என்றார் மங்கையர்க்கரசி. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். "டி.சி. இருக்கா?"

பாய் முகம் மலர்ந்தது. முதல் முறையாக ஒரு நல்ல கேள்வி. "இருக்கு மேடம்! இந்த விலைக்கு டி.சி. இருக்கிற வண்டி கிடைக்கறதே கஷ்டம்."

"எங்கே?"

"வண்டியிலதான்."

மூவரும் வண்டிக்குள் புகுந்தார்கள். சீட்டுக்கு அடியில், மிதியடிக்கு அடியில், முன்பக்கப் பெட்டியில், எல்லா இடத்திலும் தேடினார்கள். ஒரு சீப்பும் பழைய திருமணப் பத்திரிகை ஒன்றும் கிடைத்தன. பாய் உள்ளே கையை விட்டு ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த சின்னப் பட்டனைக் காட்டினார். அதில் 'டி.சி.' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

"இதான் சார். டிராக்ஷன் கண்ட்ரோல். பிடிமானம்னு வச்சுக்கோங்க. ரோடு ஈரமா இருக்கும்போது ஒரு சக்கரம் மட்டும் பிடி கிடைக்காம வெட்டியா சுத்தும். இது அதைக் கண்டுபிடிச்சு, அந்தச் சக்கரத்துக்கு மட்டும் லேசா பிரேக் போடும். இன்ஜின் வேகத்தையும் குறைக்கும். சக்கரம் அடங்கிப் போய் ரோட்டைப் பிடிச்சுக்கும்."

"புரியுது பாய்" என்றார் பி.டி. மாஸ்டர். "டிரில்லுல ஒருத்தன் மட்டும் தனியா ஓடினா விசில் அடிச்சு லைனுக்குக் கொண்டாற மாதிரி."

"அதேதான் சார்! சரியா சொன்னீங்க." பாய்க்கு உயிரே வந்தது. "அது வேலை செய்யும்போது இங்க ஒரு மஞ்சள் விளக்கு சிமிட்டும். கார் படமும் பின்னாடி ரெண்டு வளைஞ்ச கோடும் இருக்கும். பயப்படாதீங்க. அந்தப் பட்டனைத் தொடவே வேண்டாம். ஆழமான சேத்துல மாட்டிக்கிட்டா மட்டும், டி.சி.யை ஆஃப் பண்ணிட்டு வண்டியை முன்னயும் பின்னயும் ஆட்டி எடுங்க. ஏன்னா அங்க சக்கரம் கொஞ்சம் சுத்தினாத்தான் வெளியே வரும். வந்ததும் மறுபடி ஆன் பண்ணிடுங்க."

"அதெல்லாம் சரி" என்றார் மங்கையர்க்கரசி. "பட்டன்ல பேரு போட்டா ஆச்சா? எழுத்துல வேணும். ஒரிஜினல்."

பாய் சிறிது நேரம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு தாளை எடுத்து, 'இந்த வண்டிக்கு டி.சி. உண்டு. நன்றாக இருக்கிறது' என்று எழுதி, கடை முத்திரையையும் குத்திக் கொடுத்தார். மங்கையர்க்கரசி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மடிக்காமல் பையில் வைத்துக்கொண்டார்.

கார் நன்றாகத்தான் ஓடியது. பி.டி. மாஸ்டர் ஓட்டுவார். தமிழ் ஐயா முன்னால், மங்கையர்க்கரசி பின்னால். மணி அடிப்பதற்கு வெகுநேரம் முன்பே வந்து, அடிக்கப்போகும் மணியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

வியாழக்கிழமை தூறல் விழுந்தது. மூன்றாவது வளைவில் சக்கரம் லேசாக வழுக்கியது. மஞ்சள் விளக்கு சிமிட்டியது.

"விளக்கு!" என்று கத்தினார் தமிழ் ஐயா. "யாரும் பயப்படாதீங்க!"

"நான் பயப்படலை!" என்று பின்னாலிருந்து மங்கையர்க்கரசி கத்தினார்.

"மாஸ்டர், நீர்?"

"பயப்படாம இருக்கேன் ஐயா!" பி.டி. மாஸ்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் கார் தானாக ரோட்டைப் பிடித்து மேலே ஏறிவிட்டது. தாங்கள் பயப்படாததால்தான் கார் ஏறியது என்பதில் மூவருக்கும் சந்தேகமே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை மழை கொட்டித் தீர்த்திருந்தது. பள்ளிக்குக் கீழே, கடைசி வளைவுக்கு முந்திய வளைவில் செம்மண் சரிந்து கிடந்தது. பி.டி. மாஸ்டர் ஓரமாகப் போனார். ஓரம் இன்னும் ஆழம். முன் சக்கரங்கள் இரண்டும் இறங்கி உட்கார்ந்துகொண்டன. விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது, யாரும் பயப்படவில்லை, அப்படியும் கார் நகரவில்லை.

பி.டி. மாஸ்டர் இறங்கிப்போய்ச் சக்கரத்தின் பக்கத்தில் குந்தி, விசிலை எடுத்து நீளமாக ஊதினார். சக்கரம் லைனுக்கு வரவில்லை.

"ஆழமான சேறு" என்றார் தமிழ் ஐயா. "பாய் என்ன சொன்னார்? டி.சி.யை ஆஃப் பண்ணணும்."

"பட்டனை அமுக்கிடவா?" என்று பி.டி. மாஸ்டர் கையைக் கொண்டுபோனார்.

"கையை எடுங்க மாஸ்டர்!" மங்கையர்க்கரசியின் குரலில் அலுவலகமே இருந்தது. "பட்டனை அமுக்கி டி.சி.யை ரத்து பண்ண முடியும்னா நான் எதுக்கு அங்க உக்காந்திருக்கேன்? குறுக்கே சிவப்பு மையில கோடு போடணும். ஹெச்.எம். கையெழுத்து வேணும். முத்திரை வேணும்."

அப்படியானால் நடக்க வேண்டியதுதான். மூவரும் சேற்றில் வழுக்கி வழுக்கி, குறுக்கு வழியாக ஏறி வந்தார்கள். நூலக ஜன்னலிலிருந்து நான் பார்த்தேன்: மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. மூவரும் கேட்டுக்குள் வந்து, நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனார்கள்.

சிவக்கொழுந்து சார் கையெழுத்துப் போடும்போது நிமிர்ந்து பார்க்க மாட்டார். நீட்டினால் போடுவார். ஆனால் தேதியும் நேரமும் எழுதாமல் விட மாட்டார். பாயின் தாளில் குறுக்காகச் சிவப்புக் கோடு, 'ரத்து' என்ற சொல், கையெழுத்து, தேதி, எட்டு ஐம்பது, முத்திரை. எல்லாம் முடிந்தது.

முடிந்ததும் மூவரும் வெளியே வந்து மறுபடி கேட்டை நோக்கி நடந்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஓடிப்போய், "மேடம், மணி அடிக்கப் போகுது. இங்கேயே இருந்துடலாமே..." என்றேன்.

மங்கையர்க்கரசி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீ சின்னப் பொண்ணு. நாங்க வண்டியில வர்றோம்னு வீட்டுல சொல்லிட்டுக் கிளம்பினோம். வண்டி வராம நாங்க மட்டும் வந்தா அது எப்படிம்மா வந்ததாகும்?"

"வந்தோம்னு கையெழுத்துப் போட்டா பொய்க் கையெழுத்து ஆயிடும்" என்றார் தமிழ் ஐயா. மூவரும் இறங்கிப் போனார்கள்.

கீழே என்ன நடந்தது என்பதை அவர்கள் வேட்டி, பேன்ட், சேலையே சொன்னது. பி.டி. மாஸ்டர் ரத்தான தாளை ஒவ்வொரு சக்கரத்துக்கும் எதிரே பிடித்துக் காட்டியிருக்கிறார். பிறகு ஏறி ஆக்ஸிலரேட்டரை மிதித்திருக்கிறார். சேறு முழுவதும் தமிழ் ஐயா மேல்.

"'ரத்து'ன்னு மொட்டையா எழுதினா எப்படி?" என்று முகத்தை வழித்துக்கொண்டே தமிழ் ஐயா கேட்டாராம். "'ரத்து செய்யப்பட்டது'ன்னு எழுதியிருக்கணும். வினையே இல்லாத வாக்கியம். அதான் வண்டி ஒரு வினையும் செய்யலை."

அப்போது மேலே மணி அடித்தது.

அவர்கள் இரண்டாம் முறை ஏறி வந்தபோது சிவக்கொழுந்து சார் கேட்டிலேயே நின்றிருந்தார். கை பின்னால் கட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கோயில், ஓலை, ஜெசிந்தாவின் அப்பா எல்லோரும் அந்தக் கேட்டில் நிற்பது போல பி.டி. மாஸ்டர் பார்த்தார்.

"மணி அடிச்சாச்சு" என்றார் சிவக்கொழுந்து சார். "நான் சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். ஆனா நாங்க மணிக்கு முன்னாடியே வந்துட்டோம்." பி.டி. மாஸ்டர் தாளை நீட்டினார். "நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. எட்டு ஐம்பது."

சார் வாங்கிப் பார்த்தார். அவர் உலகத்தில் யாரை வேண்டுமானாலும் சந்தேகப்படுவார், தன் கையெழுத்தைச் சந்தேகப்பட மாட்டார்.

"ஆமா. முன்னாடியே வந்திருக்கீங்க." அவர் குழம்பினார். "அப்ப லேட்டா வந்தது யாரு?"

மூவரும் திரும்பி ரோட்டைப் பார்த்தார்கள்.

"வண்டி சார்" என்றார் மங்கையர்க்கரசி. "இன்னும் வரவே இல்லை."

"நான் யாரா இருந்தாலும்னு சொல்லியிருக்கேன்."

"சொல்லியிருக்கீங்க சார்."

"யாருக்காகவும் மாத்த மாட்டேன். எழுதுங்க. முள்ளோடைக்கு மாற்றல்."

பி.டி. மாஸ்டர் விட்ட பெருமூச்சில் கேட்டில் இருந்த நோட்டீஸ் ஆடியது.

ஆர்டரைத் தமிழ் ஐயா சொல்லச் சொல்ல மங்கையர்க்கரசி டைப் அடித்தார். கூடவே புது டி.சி.யும் வேண்டும், பழையது ரத்தாகிவிட்டதே. அதில்தான் தகராறு வந்தது.

"ஆணா பெண்ணா?" என்றார் மங்கையர்க்கரசி.

"அஃறிணை" என்றார் தமிழ் ஐயா.

"அந்தக் கட்டம் இல்லை ஐயா. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"ஏத்தத்துல முக்கும்போது ஆம்பளைக் குரலாத்தான் இருந்துச்சு" என்றார் பி.டி. மாஸ்டர். ஆண் என்று போட்டார்கள். அங்க அடையாளம், பின்பக்கம் இடதில் ஒரு தழும்பு. நடத்தை என்ற இடத்தில் மங்கையர்க்கரசியின் விரல் நின்றது.

"நல்லதுன்னே போடுங்க மேடம்" என்று பி.டி. மாஸ்டர் கெஞ்சினார். "போற இடத்துல பேர் கெடக் கூடாது."

'நன்று. சேற்றில் மட்டும் கவனம் தேவை' என்று அடித்தார்.

ஆர்டரை வண்டியிடம் சேர்க்க மூவரும் கிளம்பியபோது, சாட்சிக்கு என்னையும் அனுப்பினார் சிவக்கொழுந்து சார். கார் அதே இடத்தில் மூக்கைச் சேற்றில் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பி.டி. மாஸ்டர் விறைப்பாக நின்று ஆர்டரை உரக்கப் படித்தார். கண்ணாடித் துடைப்பானுக்கு அடியில் அதைச் செருகினார், புது டி.சி.யைக் கையில் வைத்துக்கொண்டார். மூவரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கார் போகவில்லை.

"யாராவது ஓட்டணுமோ?" என்றார் மங்கையர்க்கரசி.

"எனக்கு லைசென்ஸ் இல்லை" என்றார் தமிழ் ஐயா.

பி.டி. மாஸ்டர் ரெண்டடி பின்னால் போனார். "நான் மாட்டேன். நான் முள்ளோடைக்கு ஓட்டிக்கிட்டுப் போனா, மாப்பிள்ளை முள்ளோடைக்குப் போயிட்டான்னு ஓலையை நிறுத்திடுவாங்க."

அந்த நேரத்தில் கீழேயிருந்து ஒரு லோடு ஆட்டோ காய்கறி மூட்டைகளுடன் ஏறி வந்து, வழியில்லாமல் காருக்குப் பின்னால் நின்றது. ஹாரன் அடித்தது. பிறகு அதிலிருந்து ஜெசிந்தா இறங்கினாள். சுடிதார் மேல் அப்பாவின் பழைய சட்டை போட்டிருந்தாள். பி.டி. மாஸ்டர் அவசரமாக விசிலைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார்.

"என்ன மாஸ்டர், வழியில?"

"ஒண்ணுமில்லைங்க. மாற்றல் வந்துடுச்சு. எனக்கில்லை! வண்டிக்கு."

ஜெசிந்தா சிரிக்கவில்லை. கண்ணாடியில் இருந்த தாளை எடுத்து, உதடு அசைய முதலிலிருந்து கடைசி வரை படித்தாள்.

"உடனடியாகச் சேரணும்னு போட்டிருக்கே. ஏன் இன்னும் இங்க நிக்குது?"

மூவரும் காரைப் பார்த்தார்கள்.

"ஹெச்.எம். சாரே கையெழுத்துப் போட்டிருக்கார்" என்றாள் கொஞ்சம் கண்டிப்பாக. "சொன்னதைச் சொன்னபடி செய்ய வேண்டாமா?"

லோடு ஆட்டோவின் சாவியை பி.டி. மாஸ்டர் கையில் வைத்தாள். "மேல கடையில மூட்டையை இறக்கிட்டு, அப்பாகிட்ட வண்டியை விட்டுடுங்க." கார்க் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். அந்தப் பட்டனை ஒரு அமுக்கு அமுக்கினாள். வண்டியை முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம், முன்னால் கொஞ்சம் என்று தொட்டில் போல ஆட்டினாள். நாங்கள் வாய் திறப்பதற்குள் கார் சேற்றைத் துப்பிவிட்டு ரோட்டில் ஏறி நின்றது. மறுபடி பட்டனை அமுக்கினாள். லோடு ஆட்டோவை ஒட்டி நெளித்துத் திருப்பி, மூக்கைக் கீழ்ப்பக்கமாக வைத்தாள்.

பி.டி. மாஸ்டர் ஜன்னலோடு ஜன்னலாக ஓடினார். "ஏங்க, ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்கறாங்க..."

"தெரியும்." ஜெசிந்தா ஆர்டரை மறுபடி விரித்து, கடைசி வரியில் விரலை வைத்துக் காட்டினாள். "மறு உத்தரவு வரும்வரை அங்கேயே இருக்கவும்னு போட்டிருக்கு."

பிறகு கையை வெளியே நீட்டி, அவரிடமிருந்து டி.சி.யை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, முள்ளோடைக்கு வண்டியை எடுத்தாள்.